புதிதாகக் கட்டியெழுப்பும் சிறுவர் ஐஸ் ஹொக்கி அணிக்குத் தற்காப்பு வரிசை அமைப்பது எப்படி?

வசந்தகாலத் தேர்வுகள் முடிந்ததும் அணியின் நல்ல வீரர்கள் பாதிப் பேர் வேறு கிளப்புகளுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சிய நாலைந்து பேரோடு, ஹவுஸ் லீக் எனப்படும் ஆரம்பநிலை உள்ளூர்ப் போட்டிகளிலிருந்து முதல் தடவையாக மேலே வரும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாராகும். அப்போதுதான் யாராவது உங்களிடம் வந்து, "டிபென்ஸை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்த நமக்கு ஐஸ் ஹொக்கி பிள்ளைகள் வழியாக வந்த விளையாட்டு. கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். தேவையான தகவல்களை எல்லாம் தேடி அலைந்து சேர்த்ததால், அடுத்து வருகிறவராவது அலையாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் சொல்வது ரொறன்ரோவையும் சுற்றுப்புறங்களையும், 13 வயதுக்குட்பட்டோர் பிரிவையும், ஹவுஸ் லீக்குக்கு மேலே, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலக்ட் அல்லது 'ஏ' நிலை அணியையும் மனதில் வைத்துத்தான். மற்ற வயதுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. காகித வேலையை ஜூலையிலேயே தொடங்குங்கள்

செப்டெம்பரில் ஐஸ் தொடங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள். அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

முதலாவது, வல்னரபிள் செக்டர் செக் எனப்படும் பொலிஸ் சரிபார்ப்பு. நீங்கள் வசிக்கும் இடத்துப் பொலிஸ் சேவையிடம்தான் இதை எடுக்க வேண்டும். ஸ்கார்பரோவில் இருந்தால் ரொறன்ரோ பொலிஸ், மார்க்கமில் இருந்தால் யோர்க் பிராந்தியப் பொலிஸ், ஏஜக்ஸில் இருந்தால் டர்ஹம் பொலிஸ். கிளப் எந்த நகரத்தில் இருக்கிறது என்பது இதற்குக் கணக்கில்லை. நீங்கள் தன்னார்வலர் என்று கிளப் தரும் கடிதத்தை விண்ணப்பிக்குமுன் கையில் வாங்குங்கள். அது இருந்தால் கட்டணம் குறையும், சில இடங்களில் இல்லாமலே போகும்.

இந்தச் சரிபார்ப்பில் சிலரிடம் கைரேகை கேட்பார்கள். பயப்பட வேண்டாம். உங்கள் பாலினமும் பிறந்த திகதியும், மன்னிப்புப் பெற்ற பழைய பாலியல் குற்றவாளி ஒருவருடையதோடு தற்செயலாகப் பொருந்தினாலே அப்படிக் கேட்பது வழக்கம். ஆனால் அதற்குச் சில வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஜூலையில் தொடங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இரண்டாவது, 'ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்' ஒன்லைன் பயிற்சி. இதில் பெற்றோருக்கு ஒன்று, பயிற்சியாளருக்கு ஒன்று என இரண்டு உண்டு. பிள்ளையைப் பதியும்போது பெற்றோருக்கானதை முடித்திருப்பீர்கள். பயிற்சியாளராகப் பென்ச்சில் நிற்க அது போதாது. மூன்றாவது, ஹொக்கி கனடாவின் பயிற்சியாளர் வகுப்பு. கட்டணம் பெரும்பாலும் 100 டொலரைத் தாண்டும். பல கிளப்புகள் அதைத் திருப்பித் தரும், ஆனால் கேட்டால்தான் தரும், ரசீதும் வேண்டும். நான்காவது, மூளை அதிர்ச்சி பற்றிய ஒன்ராறியோவின் ரோவன் சட்டம். அதன் ஆவணங்களை வீரர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஒவ்வோர் ஆண்டும் வாசித்து உறுதிசெய்ய வேண்டும். போன வருடம் கையெழுத்து வைத்தேன் என்று சொல்ல முடியாது.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால், சாரதி உரிமத்தில் பின்னால், ஹொக்கிப் பதிவில் சுருக்கப் பெயர் என்று இருந்தால், முடித்த பயிற்சி உங்கள் கணக்கில் ஏறாது. முடித்ததற்கான சான்றிதழ் கையில் இருக்கும், கணினியோ இல்லை என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே மின்னஞ்சல் என்று முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம்: ஒவ்வொரு ஆட்டத்திலும் காயங்களைக் கவனிக்கச் சான்றிதழ் பெற்ற ட்ரெயினர் ஒருவர் பென்ச்சில் இருக்க வேண்டும். அணிக்கு ஒருவர் மட்டும் இருந்து அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டமே சிக்கலாகும். இரண்டாவது ஆளாக நீங்களே அந்த ஒன்லைன் வகுப்பையும் முடித்து வையுங்கள்.

2. பணக் கணக்கு

எல்லோரும் கேட்கும் பிரைம் நேரத்தில் ஒரு மணிநேர ஐஸ் வாடகை 300 டொலரைச் சுற்றியோ அதற்கு மேலோ வரும். புதிய அணிக்குத் தற்காப்புப் பயிற்சி கூடுதலாக வேண்டும் என்பதற்காக மேலதிக ஐஸ் வாங்க ஓடாதீர்கள். இரண்டு மலிவான வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதே கிளப்பின் வேறொரு அணியோடு ஐஸைப் பாதியாகப் பிரிப்பது. தற்காப்புப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீலக்கோட்டுக்கு உள்ளே, கோல் இருக்கும் பகுதியின் இடம் போதும். மற்றது, தலைமைப் பயிற்சியாளரிடம் ஒவ்வொரு பயிற்சியிலும் 15 நிமிடம் தற்காப்பு வீரர்களை மட்டும் தனியாகக் கேட்பது. சீசன் முழுக்கக் கூட்டினால் அது பெரிய நேரம்.

பெற்றோர் ஸ்டிக் பற்றி உங்களிடம் கேட்பார்கள். கடையில் மேல்வரிசையில் தொங்கும் ஸ்டிக்குகள் 300 டொலரைத் தாண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. நல்ல இடைநிலை ஸ்டிக்கை வாங்கி, மிச்சப் பணத்தைச் சரியான அளவு ஸ்கேட் சப்பாத்துக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். தற்காப்பு வீரருக்குப் பின்னோக்கிச் சறுக்குவதுதான் உயிர். ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய சப்பாத்தில் கணுக்கால் ஆடினால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. வளரும் பிள்ளை என்பதால் பெரிதாக வாங்குவது நம் பழக்கம். உடுப்பில் செய்யலாம், ஸ்கேட்டில் வேண்டாம். கழுத்துக் காப்பு கட்டாயம். அது இல்லாமல் வரும் பிள்ளைக்காகப் பையில் இரண்டு உபரியாக வைத்திருங்கள்.

3. ஆறு பேரா, ஐந்து பேரா

17 பேர் கொண்ட அணியென்றால் கோல்காப்பாளர் 2, முன்வரிசைப் போர்வேட் 9, தற்காப்பு 6. இதுவே வசதியான கணக்கு. மூன்று சோடிகள் மாறி மாறி இறங்கலாம்.

சில அணிகள் பலமான நால்வரை வைத்தே ஆட்டத்தை ஓட்டப் பார்க்கும். கட்டியெழுப்பும் அணியில் அப்படிச் செய்தால் நவம்பரில் ஓரிரு ஆட்டம் வெல்லலாம். பெப்ரவரியில் நால்வரும் களைத்திருப்பார்கள், மற்ற இருவரும் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். பல கிளப்புகளில் சம ஆட்டநேர விதியும் உண்டு. அதைச் சீசன் தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால், ஐவரையும் வரிசையாகச் சுழற்றாதீர்கள். அப்படிச் சுழற்றினால் ஒவ்வொரு ஷிப்டிலும் (ஒரு தடவை ஐஸில் இறங்கி ஆடும் நேரம்) பக்கத்தில் புது ஆள் நிற்பார். ஒரு சோடியை நிலையாக வைத்து, மீதி மூவருக்குள் மட்டும் மாற்றுங்கள். அனுபவம் குறைந்த இருவர் இருந்தால் நிலையான சோடியில் ஒருவர், மூவர் குழுவில் ஒருவர்.

4. யாரைத் தேர்வது

பெரிய பிள்ளையைப் பின்னால் நிறுத்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது. 13 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் அதற்குக் கீழும் உடலால் மோதித் தடுப்பதை ஹொக்கி கனடா 2013 இலேயே நிறுத்திவிட்டது. அதனால் இந்த வயதில் உடல் அளவு தரும் ஆதாயம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. என்.எச்.எல். எனப்படும் தொழில்முறை லீக்கில் ஆடும் மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் லேன் ஹட்சனைப் பாருங்கள். தற்காப்பு வீரர்களில் உயரம் குறைந்தவர். 2022 இல் அந்த லீக்கின் அணிகள் இளம் வீரர்களைத் தெரிவுசெய்தபோது 62ஆவது தெரிவாகத்தான் எடுக்கப்பட்டார். 2024-25 இல் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 66 புள்ளிகள் எடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார்.

நான் பார்ப்பது மூன்று விடயங்கள். பின்னோக்கிச் சறுக்கும்போது இரண்டு பக்கமும் திரும்ப முடிகிறதா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் வரும். பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் கறுப்பு ரப்பர் வில்லை) எடுக்கப் போகும்போது தோளுக்கு மேலால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாரா? யாராவது நெருக்கும்போது முதல் பாஸ் போய்ச் சேருகிறதா?

மூன்றாவதை அளக்க ஒரு சுலபமான பயிற்சி உண்டு. பக்கை மூலைக்குள் தள்ளிவிடுங்கள். தற்காப்பு வீரர் போய் எடுக்க, இரண்டு விநாடி கழித்து ஒரு போர்வேட் துரத்தட்டும். பெற்றோர் ஒருவரிடம் பேனாவும் தாளும் கொடுத்து மூன்று நிரல்களில் கோடு போடச் சொல்லுங்கள்: பக் சுத்தமாக வெளியே போனது, சும்மா அடித்து வெளியேற்றியது, எதிரியிடம் பறிபோனது. இரண்டு மூன்று பயிற்சிகள் இப்படி எழுதினால், கண்ணால் பார்த்து நினைத்ததற்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பெற்றோர் யாராவது "ஏன் என் பிள்ளை மூன்றாவது சோடி?" என்று கேட்கும்போதும் அந்தத் தாள் உதவும்.

ஹவுஸ் லீக்கில் கோல் அடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தற்காப்புக்கு மாற்ற நினைத்தால் முதலில் பிள்ளையிடம் பேசுங்கள், பிறகு வீட்டாரிடம். தண்டனையாகப் பின்னால் போட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளை அங்கே நன்றாக ஆடாது.

5. சோடி சேர்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சோடிகளை ஒக்டோபர் நடுவில் முடிவுசெய்து, கிறிஸ்மஸ் வரை கைவைக்காமல் விடுங்கள். தோற்றாலும் விடுங்கள். இளம் தற்காப்பு வீரருக்கு மிகவும் தேவைப்படுவது, பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்பார் என்று பார்க்காமலே தெரிவது. வாராவாரம் சோடியைக் கலைத்தால் அது வரவே வராது. மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றதும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி வற்புறுத்தல் வரும். அப்போது உறுதியாக நிற்பதுதான் உங்கள் வேலை.

சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அனுபவம். இரண்டு புதியவர்களை ஒரே சோடியில் போடாதீர்கள். முன்னைய ஆண்டில் இதே நிலையில் ஆடியவர் ஒருவர், புதியவர் ஒருவர். பெரியவர்களின் என்.எச்.எல். லீக்கிலும் இதே வழியில்தான் போகிறார்கள். கனேடியன்ஸ் 2021-22 இல் லீக்கிலேயே கடைசியாக, 55 புள்ளிகளோடு முடித்த அணி. அடுத்த சீசனில் கெய்டன் கூலி, ஜோர்டன் ஹாரிஸ், ஆர்பர் ஜெக்காய் என்று புதுமுகங்களைத் தற்காப்பில் இறக்கினார்கள். ஆனால் அவர்களோடு டேவிட் சவார்ட் இருந்தார். 2021 இல் டம்பா பே அணியில் அந்த லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணம் வென்றவர். வேகமான ஆட்டக்காரர் இல்லை. இளையவர் முன்னேறிப் போகும்போது பின்னால் நிற்கத் தெரிந்தவர். உங்கள் அணியிலும் அப்படி அமைதியான பிள்ளை ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

இரண்டாவது, குணம். முன்னேறப் பிடிக்கும் இருவரைச் சேர்த்தால் பின்னால் ஆளிருக்காது. தயங்கும் இருவரைச் சேர்த்தால் பக் வெளியே போகாது.

மூன்றாவது, கை. கனடாவில் பெரும்பாலான பிள்ளைகள் இடப்பக்க ஸ்டிக், அதாவது ஸ்டிக்கின் அடிப்பகுதி உடலின் இடப்பக்கம் இருக்கும்படி பிடிப்பவர்கள். ஆறு பேரில் வலப்பக்க ஸ்டிக் ஒருவரோ இருவரோ இருந்தாலே அதிர்ஷ்டம். அவர்களை வலப்பக்கம் நிறுத்துங்கள். மற்ற சோடிகளில் இடப்பக்க ஸ்டிக் உள்ள ஒருவர் வலப்பக்கம் ஆட வேண்டி வரும். ஐஸைச் சுற்றியுள்ள பலகையோரம் வரும் பக்கை அவர் ஸ்டிக்கின் பின்புறத்தால் வாங்க வேண்டும். அது கடினம். அதனால் அந்த இடத்துக்கு மிக நன்றாகச் சறுக்கும் பிள்ளையைப் போடுங்கள், பலவீனமானவரை வேண்டாம். அவருக்குப் பயிற்சியில் ஐந்து நிமிடம் பின்புறத்தால் பக் வாங்கப் பழக்குங்கள். பக்கத்தை மாற்றி மாற்றிப் போடுவது மட்டும் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம்.

6. பக்கை வெளியே எடுக்க மூன்று வழி போதும்

இளம் அணி கோல் வாங்குவது பெரும்பாலும் தன் பகுதியிலிருந்து பக்கை வெளியே எடுக்க முடியாமல்தான். புத்தகங்களில் பல வழிகள் இருக்கும். இந்த வயதுக்கு மூன்று போதும்.

முதல் வழி, அதே பக்கத்துப் பலகையோரம் நிற்கும் விங்கருக்கு, அதாவது ஓரத்துப் போர்வேட்டுக்குப் பாஸ். இரண்டாவது, கோலுக்குப் பின்னால் மறுபக்கம் நிற்கும் சோடிக்குக் கொடுப்பது. மூன்றாவது, வேறு வழியில்லாதபோது பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் உயரமாகப் பட்டு வெளியே போகும்படி அடிப்பது. மூன்றாவதைச் செய்த பிள்ளையைத் திட்டாதீர்கள். கோலுக்கு முன்னால் குறுக்கே பாஸ் கொடுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. அந்தக் குறுக்குப் பாஸ் மட்டும் எந்த நிலையிலும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எந்த வழி என்று தீர்மானிக்க உதவுவது குரல். பக்கை எடுக்கப் போகிறவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. "டைம்" (நேரம் இருக்கிறது), "மேன் ஒன்" (எதிரி நெருங்கிவிட்டார்), "ரிவர்ஸ்" (பின்னால் திருப்பிக் கொடு) ஆகிய மூன்று சொற்களையும் சோடியும் கோல்காப்பாளரும் கத்த வேண்டும். வெட்கப்படும் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் சிரமப்படுவார்கள். பயிற்சியில் குரல் வராவிட்டால் விசில் அடித்து மறுபடி தொடங்குங்கள். சில வாரங்களில் பழகிவிடும். கோல்காப்பாளரை இந்தப் பயிற்சியில் சேர்க்க மறக்கிற பயிற்சியாளர்கள் நிறையப் பேர். அவர்தான் முழு ஐஸையும் முகத்துக்கு நேரே பார்க்கிறவர்.

7. மோதாமல் தடுப்பது

எதிரி பக்கோடு வரும்போது இளம் வீரர்கள் பயந்து தங்கள் கோல்வரை பின்வாங்கிவிடுவார்கள். இடைவெளி பெரிதானால் எதிரிக்கு வேகமும் நேரமும் கிடைக்கும். நடுக்கோட்டருகே இரண்டு ஸ்டிக் நீளம், தன் நீலக்கோட்டருகே ஒரு ஸ்டிக் நீளம் என்று சொல்லிக்கொடுங்கள். ஸ்டிக் தரையில், ஒரு கையில், பக்கின் பக்கம். பிறகு எதிரியை மெதுவாகப் பலகைப் பக்கம் ஒதுக்குவது. கண் பக்கைப் பார்க்காமல் எதிரியின் மார்பைப் பார்க்க வேண்டும்.

இருவர் வர, ஒருவர் மட்டும் பின்னால் நின்றால்: தற்காப்பு வீரர் பாஸை மறிக்கட்டும், அடிப்பவரைக் கோல்காப்பாளர் பார்த்துக்கொள்வார். இதைக் கோல்காப்பாளரின் முன்னிலையில் சொல்லி இருவரையும் ஒப்புக்கொள்ள வையுங்கள். இல்லாவிட்டால் கோல் விழுந்ததும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

கோலுக்கு முன்னால் நிற்கும் எதிரியைத் தள்ளினால் பெனால்டி. அவருடைய ஸ்டிக்கைத் தன் ஸ்டிக்கால் தூக்கினால் போதும்.

8. ஆட்ட நாள்

சோடிகளை ஒரு சிறிய அட்டையில் எழுதி உடுப்பு மாற்றும் அறையில் ஒட்டுங்கள். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்டால் விடியும்வரை பெற்றோரோடு பேச வேண்டி வரும்.

ஷிப்ட் 40 முதல் 45 விநாடி. இளம் வீரர்கள் களைத்தபின் மாறப் பார்ப்பார்கள். பக் எதிரியின் பகுதிக்குள் ஆழமாக இருக்கும்போது மட்டும்தான் தற்காப்பு மாற வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இரண்டாவது பீரியடில் பக்கம் மாறுவதால் பென்ச் தூரமாகிவிடும். அந்தப் பீரியடில்தான் மோசமான மாற்றங்கள் நடக்கும். அதற்கு முன்னால் ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

பிழைவிட்டு வந்த பிள்ளை பென்ச்சில் உட்கார்ந்ததும் பேச வேண்டாம். தண்ணீர் குடிக்கட்டும். பிறகு ஒரு கேள்வி: "என்ன பார்த்தாய்?" பதிலைக் கேட்டபின் ஒரு வசனம் சொன்னால் போதும். அடுத்த முறை அந்தச் சோடியின் வரிசை வரும்போது அதையே இறக்குங்கள்.

நம் வீரர் ஒருவர் வெளியே இருக்கும் பெனால்டி நேரத்தில் மிஞ்சிய நாலு பேரும் சதுரமாக நின்று நடுப்பகுதியை மூட வேண்டும். இதற்கு ஒரே சோடியைப் பாவிக்காமல் மூன்றையும் முறைவைத்து இறக்குங்கள். இந்த அணி இந்த வருடத்துக்காக மட்டும் கட்டப்படுவதில்லை.

9. மாதவாரியாக

செப்டெம்பரில் எல்லோரையும் இரண்டு பக்கத்திலும் ஆடவிட்டுப் பாருங்கள். தாங்ஸ்கிவிங் வார இறுதியை ஒட்டிச் சோடிகளை முடிவுசெய்யுங்கள். நவம்பர், டிசெம்பரில் மேலே சொன்னபடி கைவைக்க வேண்டாம். எழுதிக்கொண்டு மட்டும் இருங்கள். ஜனவரி முதல் வாரம் தாள்களை எடுத்துப் பாருங்கள். மாற்றுவதென்றால் ஒரு மாற்றம் மட்டும், அதுவும் பிளேஓஃபுக்குப் போதிய ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது.

காயம், காய்ச்சல், குடும்பப் பயணம் எல்லாம் டிசெம்பர், ஜனவரியில்தான் சேர்ந்து வரும். ஊருக்குப் போகும் குடும்பங்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் உங்களுக்குச் சொல்லும்படி செப்டெம்பரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்ப்பிரிவிலிருந்து அழைக்கக்கூடிய துணை வீரர்களை முன்கூட்டியே பதிய வேண்டும். அதற்குக் கடைசித் திகதி உண்டு, ஒருவரை எத்தனை ஆட்டத்துக்கு அழைக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அந்தப் பிள்ளையின் சொந்தப் பயிற்சியாளரின் சம்மதமும் தேவை. குறைந்தது இரண்டு தற்காப்பு வீரர்களின் படிவத்தை ஒக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். அவர்களை மாதம் ஒரு பயிற்சிக்காவது கூப்பிட்டு, மூன்று வெளியேற்ற வழிகளையும் மூன்று சொற்களையும் பழக்கி வையுங்கள்.

மார்ச்சில் ஆட்டம் முடிந்த கையோடு, அடுத்த தேர்வுகள் ஏப்ரலில் தொடங்குமுன், ஒவ்வொரு தற்காப்புப் பிள்ளையின் வீட்டாரோடும் பத்து நிமிடம் உட்காருங்கள். செப்டெம்பர் தாளையும் மார்ச் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கோடைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: பின்னோக்கித் திரும்புவதோ, பின்புறத்தால் பாஸ் வாங்குவதோ. திரும்பி வருவார்களா என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேரில் நான்கு பேர் வருவதாகச் சொன்னால், அடுத்த வருடத் தேர்வில் எந்த இரண்டு இடத்துக்கு ஆள் தேட வேண்டும் என்பது உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.